கழிவு கொடுத்து எடுக்காத சீட்டு

அன்பான மகனுக்கு,

இங்கே இரண்டு பேரும் சுகம். குளிர் தொடங்கியதும் அப்பாவின் நாரிப்பிடிப்பு, அந்த இடுப்பு நோவு, தன் கதையைத் தொடங்கிவிட்டது. அதற்கு ஒரு எண்ணெய்ப் போத்தலும் என் ஏச்சும் போதும். நீயும் சுபாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்பதை நீ எழுதாமலே அறிந்துகொண்டேன், ஏனென்றால் கலியாணம் முடிந்த பிறகு நீ தொலைபேசி எடுப்பது குறைந்துவிட்டது. அதில் கோபமில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் எடுக்கிற நேரமெல்லாம் நீ கதைப்பது ரொறன்ரோவில் உன் புது வீட்டின் பேஸ்மென்டைப் பற்றித்தான். சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டாயாம், சமைக்கத் தனிக் குசினி வைத்துவிட்டாயாம், அப்பா பிடித்து இறங்கப் படியில் கைபிடி போட்டுவிட்டாயாம். போன ஞாயிற்றுக்கிழமையும் "எப்பம்மா வாறியள்?" என்று கேட்டாய். அடுப்பில் கறி என்று சொல்லி நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அடுப்பில் கறி இருக்கவில்லை. உனக்குச் சொல்ல வேண்டிய பதில் நீளமானது, அதை நிமிடக் கணக்கில் காசு கட்டிச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆகவே எழுதுகிறேன். சுபாவும் வாசிக்கட்டும், அவளுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாய். நாங்கள் அங்கே இருக்க வரவில்லை. வந்து போவோம். எங்களுக்கு இங்கே, கெபெக்கில், லாசாலில் ஒரு வீடு இருக்கிறது. வாடகை வீடுதான், மூன்றாம் மாடிதான், ஆனாலும் எங்கள் வீடு. வாடகையைக் கட்ட முடிகிறது, கட்டிய பிறகு மீன் வாங்கவும் முடிகிறது. இதை இவ்வளவு நிம்மதியாக எழுத மூன்று வருடத்துக்கு முன்னர் என்னால் முடிந்திருக்காது. அப்போது நாங்கள் உன்னிடம் வர மூட்டை கட்டாத குறைதான். என்ன நடந்தது என்பதை உனக்குத் துண்டு துண்டாகத்தான் சொல்லியிருக்கிறேன், அதுவும் நல்ல துண்டுகளை மட்டும். இப்போது நீயும் ஒரு குடும்பக்காரன். முழுவதையும் கேள்.

தொண்ணூற்று மூன்றின் கடைசியில் அப்பாவின் பண்டகசாலை துறைமுகப் பக்கத்தை விட்டு வேறு எங்கோ போனது உனக்குத் தெரியும். அவர்கள் அப்பாவை வெறுங்கையோடு அனுப்பவில்லை, ஒரு தொகை கொடுத்தார்கள். அதோடு நான் தையல் ஆலையில் இருந்த காலத்தில் சேர்த்ததும் இருந்தது. எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரே வாயாக வீடு வாங்கு என்றார்கள். நாரி பிடித்த மனிதனை வைத்துக்கொண்டு வாசலில் பனி வழிக்க யார் நிற்பது? அரசாங்கப் பென்சன் வாடகைக்குக் காணும், சாப்பாட்டுக்குக் காணாது. ஆகவே இந்தக் காசு மாதா மாதம் எங்களுக்கு ஏதாவது கொண்டுவந்து தர வேண்டும் என்று நினைத்தோம். நிலையான வைப்பில் போடத்தான் வங்கிக்குப் போனேன். அந்தக் காலத்தில் அதற்குக் கொடுத்த வட்டியைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கே இருந்த பிள்ளை, பிரெஞ்சு பேசுகிற கெபெக்காரப் பிள்ளை, நல்ல சிரித்த முகம், வேறொன்றைக் காட்டினாள். இந்த மாகாணத்து ஊர்களின் நகரசபைகள் தண்ணீர்க் குழாய் மாற்ற, வீதி போட, பனி வழிக்கிற வண்டி வாங்கக் கடன் எடுக்கின்றன. கடனுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்து வட்டி கட்டுகின்றன. அப்படிப்பட்ட பத்திரங்களைப் பல ஊர்களிலிருந்தும் வாங்கி ஒன்றாக வைத்திருக்கிற ஒரு நிதியம் அது. நாங்கள் அதில் பங்கு வாங்கினால், ஊர்கள் கட்டுகிற வட்டி மாதா மாதம் பிரிந்து எங்களுக்கும் வரும்.

எனக்கு அது பிடித்துவிட்டது. பெரிய ஆலைகளை நான் நம்புவதில்லை, நான் வேலை செய்த ஆலையே ஒரு திங்கட்கிழமை பூட்டிக் கிடந்தது. ஆனால் தண்ணீர் குடிக்காத ஊர் உண்டா? அப்பாவிடம் சொன்னேன், அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். இருந்த காசு முழுவதையும் அதில் போட்டோம். முழுவதையும் என்றால் முழுவதையும்தான், ஒரு சதம் ஒதுக்கவில்லை. முதல் மாதக் காசு வந்த அன்று அப்பாவுக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. லவாலில் உன் சிநேகிதன் வீட்டுக்குப் போகும்போது எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு பனி வண்டி வழித்துக்கொண்டு போனது. பஸ் ஊர்ந்தது, உள்ளே எல்லாரும் முணுமுணுத்தார்கள். அப்பா மட்டும், "விடும், எங்கட வண்டி, ஆறுதலாப் போகட்டும்" என்றார். அந்த வண்டி எந்தக் காசில் வாங்கியதோ யாருக்குத் தெரியும், ஆனால் அந்தப் பனி மாரி முழுக்க அவர் கண்ட வண்டியெல்லாம் எங்கள் வண்டிதான்.

அடுத்த வருடம் வட்டி வீதம் ஏறத் தொடங்கியது. இங்கேதான் உன் அம்மாவின் கெட்டித்தனத்தைப் பார். வானொலியில் கேட்டதும் நான் துள்ளிக் குதித்தேன். எங்கள் ஊரில் காசு கொடுத்து வைத்திருப்பவருக்கு வட்டி கூடினால் கொண்டாட்டம்தானே? நாங்களும் கொடுத்தவர்கள், வட்டியும் கூடுகிறது. கோயிலில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த பெண்களிடம் நானே வாயைக் கொடுத்தேன். எங்களுக்கு இனிக் கவலையில்லை, வட்டி ஏறுகிறது, வீடு வாங்கியவர்கள்தான் பாவம் என்று பெரிய வாய் கதைத்துவிட்டு வந்தேன். வீடு வாங்கியவர்கள் இரண்டு பேர் அங்கேயே இருந்து கத்தரிக்காய் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அவர்களின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாயிருந்தது.

ஏனென்றால் அடுத்து வந்த கணக்குத்தாளில் எங்கள் முதல் குறைந்திருந்தது. வங்கி பிழை விட்டுவிட்டது என்று நினைத்தேன். அதற்கு அடுத்ததில் இன்னும் குறைந்தது. வருடம் முடியும்போது நாங்கள் போட்டதில் பத்தில் ஒரு பங்குக்குக் கிட்டக் காணவில்லை. எங்கள் பழக்கத்தில் முதல் என்றால் முதல், வட்டி என்றால் வட்டி. வட்டி வராமல் போகலாம், கடன்காரன் ஏமாற்றலாம், ஆனால் ஏமாற்றாதவனிடம் இருக்கிற முதல் தானாகக் கரையும் என்று நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. அதுவும் வட்டி ஏறுகிற நேரத்தில்! அப்பா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசியிருப்பேன், வீடு வீடாக இருந்திருக்கும். அவர் பேப்பர் வாங்குவதை நிறுத்தினார். நான் குசினியை விட்டு வெளியே வர முன்னரே பின்னால் வந்து லைற்றை அணைத்தார். தனக்கு மீன் இப்போது ஒத்துவருவதில்லை என்றார். மீன் ஒத்துவராத யாழ்ப்பாணத்தானை நீ எங்கேயாவது கண்டிருக்கிறாயா?

ஒருநாள் காலையில், நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் மத்தியானம் தாண்டி வந்தார். சப்பாத்தெல்லாம் வீதிப் பனி கரையப் போட்ட உப்பும் சேறும். எங்கே போனீர்கள் என்று விடாமல் கேட்டேன். பஸ்ஸும் மெற்றோவும் மாறித் துறைமுகப் பக்கம் போய், அங்கே இருக்கிற ஒவ்வொரு பண்டகசாலையிலும் வேலை கேட்டிருக்கிறார். ஓர் இடத்தில், பெட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். தூக்கியிருக்கிறார். "தூக்கினனான், திருப்பி வைக்கத்தான் ஏலாமல் போச்சு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். இது உனக்குத் தெரியாது. உனக்குச் சொல்லக் கூடாது என்றார், இதுவரை சொல்லவில்லை.

நீயும் அந்த நேரத்தில்தான் எங்கள் குரலில் ஏதோ மணந்து பிடித்தாய். நான் பாதி சொன்னேன், மீதியை நீயே கணக்குப் போட்டாய். எல்லாவற்றையும் விற்றுக் காசாக்கிக்கொண்டு ரொறன்ரோவுக்கு வரச் சொன்னாய். அப்போது நீ இருந்ததே இன்னும் இரண்டு பெடியன்களோடு ஒரு ஒற்றை அறையில். எங்களுக்கு அந்த அறையைத் தந்துவிட்டு நீ சோபாவில் படுப்பாயாம். கணக்குப் படித்த பிள்ளை நீ, ஆனால் அன்பு வந்தால் உனக்குக் கணக்கு மறந்துபோகும், அதை உன் மனைவியும் தெரிந்துவைத்திருக்கட்டும். குறைந்துபோன காசை எடுத்து அந்த நேரத்து நிலையான வைப்பில் போட்டால் வருகிறது எங்களுக்குக் காணாது. மிச்சத்துக்கு உன்னிடம்தான் கை நீட்ட வேண்டும். நீ சந்தோசமாகத் தருவாய், அது தெரியும். தந்துகொண்டிருக்கிற வரைக்கும் உனக்கு ஒரு கலியாணமோ ஒரு வீடோ வராது என்பதும் எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் அவர் பயந்துபோயிருந்தார். இன்னும் கரைய முன்னர் இருக்கிறதையாவது எடுப்போம் என்பதே அவருடைய ஒரே கதை.

அந்த மாரியில் வீட்டுக்காரரின் கடிதமும் வந்தது. இந்த ஊரில் எல்லாரும் யூலை முதலாம் தேதிதான் வீடு மாறுவார்கள், அதற்குப் பல மாதம் முன்னரே இருக்கிறோமா போகிறோமா என்று பதில் சொல்லிவிட வேண்டும், உனக்குத் தெரிந்ததுதானே. அப்பா அந்தக் கடிதத்தைக் குளிர்சாதனப்பெட்டியில் காந்தத்தால் ஒட்டிவிட்டார். பால் எடுக்கப் போனாலும் அதுதான், முட்டை எடுக்கப் போனாலும் அதுதான். நான் ஜன்னலில் வளர்த்த கறிவேப்பிலைச் செடியைக் கீழ் வீட்டுப் பெண்ணுக்குக் கொடுப்பதாக எனக்குத் தெரியாமல் வாக்கும் கொடுத்துவிட்டார். அதை அறிந்த அன்றுதான் எனக்குக் கோபம் ஏறியது. என் கறிவேப்பிலையைக் கொடுக்க இவர் யார்? விற்பதென்றால் நாளைக்கே போய் விற்போம், வாருங்கள், என்று அவரை இழுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன்.

அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் ஓடாது, அப்பாவுக்குப் பிரெஞ்சு ஓடாது. நடுவில் நான், தையல் ஆலையில் இத்தாலிக்காரிகளோடும் ஹெய்ட்டிக்காரிகளோடும் சண்டை பிடித்துப் பழகிய பிரெஞ்சோடு. இப்போது விற்றால் எவ்வளவு வரும் என்று கேட்கச் சொன்னார் அப்பா. கேட்டேன். அவள் தொகையைச் சொல்லாமல் என்னிடம் ஒன்று கேட்டாள்: மாதா மாதம் வந்த காசு குறைந்ததா? நான் யோசித்தேன். குறையவில்லை. உண்மையைச் சொன்னால் கடைசி இரண்டு மூன்று மாதமாகக் கொஞ்சம் கூடித்தான் வந்தது. முதலையே பார்த்துப் பார்த்துக் கலங்கியதில் அதை நாங்கள் கவனிக்கவே இல்லை. பிறகு அவள் விளங்கப்படுத்தினாள். ஊர்கள் எல்லாம் ஒழுங்காகக் கட்டுகின்றன, ஒன்றும் ஓடிப்போகவில்லை. ஆனால் நிதியத்தில் இருக்கிற பத்திரங்கள் பழையவை, குறைந்த வட்டிக்கு எழுதியவை. இன்றைக்குப் புதிதாக எழுதுகிற பத்திரம் கூடின வட்டி தருகிறது. அப்படியிருக்கப் பழையதை முழு விலை கொடுத்து எவன் வாங்குவான்? குறைத்துத்தான் கேட்பான். அந்தக் குறைந்த விலைதான் தாளில் தெரிகிறது. பழைய பத்திரங்களின் தவணை ஒவ்வொன்றாக முடிய முடிய, அந்தக் காசில் கூடின வட்டிப் பத்திரம் வாங்குவார்கள், மாதக் காசு மெல்ல மெல்லக் கூடும். இந்தக் காசு உங்களுக்கு எப்போது தேவை என்று கேட்டாள். முழுதாகவா, மாதா மாதமா?

"என்ன சொல்லுறா?" என்றார் அப்பா. இதை எல்லாம் நான் அவருக்கு எப்படிச் சொல்வது? வட்டி, விலை, தவணை என்று தொடங்கினேன், அவர் முகம் இன்னும் இருண்டது. அப்போதுதான் எனக்குச் சீட்டு ஞாபகம் வந்தது. லாசாலுக்கு வந்த புதிதில் எங்கள் கட்டிடத்தில் நான் தாச்சியாக நின்று சீட்டுப் பிடித்தேனே, நினைவிருக்கிறதா? ஆட்களைச் சேர்த்துக் காசு வாங்கிக் கொடுத்து, யாராவது கட்டாவிட்டால் தாச்சிதான் பதில் சொல்ல வேண்டும். சுபா கொழும்பில் வளர்ந்த பிள்ளை, கழிவுச் சீட்டு அவளுக்குத் தெரியுமோ என்னவோ. எல்லாரும் மாதா மாதம் ஒரே தொகை போடுவது. சேர்ந்த காசு யாருக்கு அவசரமோ அவர் கூறி எடுப்பது. கூறுவது என்றால், எனக்கு இப்போதே வேண்டும், அதற்காக இவ்வளவைக் கழித்துக்கொண்டு தாருங்கள் என்று கேட்பது. கழித்த காசு எடுக்காமல் காத்திருக்கிற மற்றவர்களுக்குப் பிரிந்து போகும். அவசரப்பட்டவர்கள் கூடினால் கழிவும் கூடும். காத்திருப்பவருக்கு லாபமும் கூடும்.

ஆகவே அப்பாவிடம் சொன்னேன். "இஞ்சருங்கோ, கழிவு ஏறியிருக்கு எண்டு சொல்லுறா. இப்ப எடுக்கிறவைக்குக் கழிவு கூட. எடுக்காமல் இருக்கிறவைக்கு மாசக்காசு கூடிவரும்."

சீட்டு அப்பாவுக்கு விளங்கும். அதுவும் ஒரு சீட்டு அவர் வாழ்நாளில் மறக்கமாட்டார். மெதுவாக உன் கதையை எடுத்தார், "தம்பியை எடுக்கேக்கை நாங்களும் பெரிய கழிவு குடுத்துத்தானே எடுத்தனாங்கள்."

"ஓம்," என்றேன், "அது தம்பிக்காகக் குடுத்தது. இது ஆருக்கு?"

கேட்டுவிட்டுத்தான் அந்தக் கேள்வி என் காதிலேயே விழுந்தது.

இதை உனக்கு நாங்கள் முழுதாகச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். நீ கொழும்பில் லொட்ஜில் தனியே இருந்தாய். அங்கே பொலிசும் ஆமியும் தமிழ்ப் பெடியன்களை வளைத்துப் பிடிக்கிறார்கள் என்று செய்தி வந்துகொண்டிருந்தது. ஏஜென்சிக்காரன் காசு வந்தால்தான் உன்னை விமானம் ஏற்றுவான். எங்களிடம் இல்லை. சீட்டுத் தொடங்கி இரண்டாம் மாதம்தான். தாச்சி நானே கூறினேன். எதிர்த்துக் கூறுவதற்கு ஒருவர் இருந்தார், அவருக்கும் ஊரில் ஒரு அவசரம். அவர் ஏற்ற, நான் ஏற்ற, கடைசியில் அப்பா எழும்பி ஒரு தொகையைச் சொன்னார். மற்றவர் விட்டுக்கொடுத்தார். அப்படியொரு கழிவு அந்தக் கட்டிடத்தில் யாரும் கேட்டதில்லை. அந்தச் சீட்டு முடியும் வரை நாங்கள் கையில் வாங்காத காசையும் சேர்த்துக் கட்டினோம். நான் இரண்டு ஆலையில் தைத்தேன். ஆனால் ஒரு கிழமைக்குள் நீ விமான நிலையத்தில் ஒரு மெல்லிய சட்டையோடு நடுங்கிக்கொண்டு வந்து நின்றாய். அந்தக் கழிவைப் பற்றி அப்பா இன்றுவரை ஒரு நாள்கூட வருத்தப்பட்டதில்லை. நானும் இல்லை. இன்னொரு மடங்கு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்போம்.

வங்கியில் அந்தக் கதிரையில் இருந்துகொண்டு எனக்கு விளங்கியது இவ்வளவுதான். அன்றைக்கு எங்களுக்குத் தேவை இருந்தது. இன்றைக்கு எங்களிடம் இருப்பது பயம் மட்டும்தான். தேவைக்காக எவ்வளவு கழிவும் கொடுக்கலாம் மகனே. பயத்துக்குக் கொடுத்தால் அதற்கு ஈடாகக் கையில் ஒன்றும் இருக்காது. அப்பா எழும்பித் தொப்பியைப் போட்டார். அந்தப் பிள்ளையிடம் "மெர்சி, மதாம்" என்றார், அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் அதுதான். வெளியே வந்ததும், "மீன்கடைப் பக்கம் போவமோ?" என்று கேட்டார். எனக்கு அந்த நடுவீதியில் அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. கட்டிப்பிடிக்கவில்லை, மீன்தான் வாங்கினோம். அன்று மாலையே குளிர்சாதனப்பெட்டியிலிருந்து வீட்டுக்காரரின் கடிதத்தை எடுத்து, இருக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டோம். கறிவேப்பிலை ஜன்னலிலேயே நின்றது.

அதற்குப் பிறகு எல்லாம் சுகமாகப் போனது என்று சொன்னால் பொய். அந்த வருடம் ஐப்பசியில் இந்த மாகாணம் பிரிவதா இருப்பதா என்று வாக்கெடுப்பு வந்தது. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் காசையும் தங்களையும் தூக்கிக்கொண்டு ரொறன்ரோவுக்கு ஓட ஆயத்தமானார்கள். கோயிலில் ஒருவர் அப்பாவிடம் வந்து, பிரிந்தால் உங்கள் நகரசபைப் பத்திரம் சுண்டல் சுற்றத்தான் உதவும் என்றார். அந்தக் கிழமை முழுக்க நானும் வானொலிக்குப் பக்கத்திலேயே இருந்தேன், மறைப்பதற்கில்லை. ஆனால் அப்பா அவரிடம் சொன்ன பதிலைக் கேள். "பிரிஞ்சாலும் பனி கொட்டும்தானே?" என்றார். வாக்கெடுப்பு முடிந்தது, மாகாணம் பிரியவில்லை, பனியும் கொட்டியது, மாதக் காசும் வந்தது. பிறகு வட்டி வீதம் இறங்கத் தொடங்கியது. முன்னர் ஏறும்போது குறைந்த விலை இப்போது இறங்கும்போது ஏறியது. போன வருடம் எங்கள் முதல் நாங்கள் போட்ட இடத்துக்கே வந்து, அதையும் தாண்டியது. அந்தத் தாள் வந்த அன்று நான் பாயாசம் காய்ச்சினேன். கோயிலில் மட்டும் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவு புத்தி வந்துவிட்டது.

ஆனால் இதிலும் ஒரு கை கொடுத்து ஒரு கை எடுக்கிறது. வட்டி இறங்கியதால் முதல் ஏறியது, மாதக் காசு கொஞ்சம் மெலிந்துகொண்டு வருகிறது. நான் சொன்ன சீட்டுக் கணக்கு அங்கேதான் நொண்டுகிறது. சீட்டு ஒருநாள் முடியும், கடைசியாக எடுப்பவருக்கு முழுக்காசு வரும் என்று நிச்சயமாகச் சொல்லலாம். இந்த நிதியம் முடிவதே இல்லை. ஒன்று போக ஒன்று வாங்கிக்கொண்டே இருப்பார்கள், ஆகவே இந்தத் தேதியில் இவ்வளவு வரும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். அதை முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் சீட்டை விட இது மேல். தாச்சிகள் சிலர் எல்லாரின் காசோடும் விடிய முன்னர் ரொறன்ரோவுக்கு ஓடிய கதை உனக்குத் தெரியும். ஒரு ஊர் தன் தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடாது.

விலை ஏறி நின்றபோது நாங்கள் ஒரு வேலை செய்தோம். கொஞ்சத்தை விற்று, இரண்டு வருடத்துக்கு எங்களுக்கு என்ன தேவையோ அதை நிலையான வைப்பில் போட்டோம். இனி வட்டி ஏறித் தாளில் முதல் குறைந்தாலும், அவசரமாகப் போய்க் கூறி எடுக்க வேண்டிய நிலை எங்களுக்கு வராது. இதை முதலிலேயே செய்திருந்தால் அப்பா உப்புச் சேற்றில் நடந்து பெட்டி தூக்கப் போயிருக்கமாட்டார். அந்தப் பிழை என்னுடையது. ஊர்களை நம்பியது பிழையில்லை, அடுத்த மாதச் சாப்பாட்டையும் பத்து வருடத்துக்குப் பிறகான சாப்பாட்டையும் ஒரே பையில் போட்டதுதான் பிழை. நீயும் சுபாவும் காசை எங்கே வைத்தாலும் எனக்குக் கவலையில்லை, அதை எப்போது எடுக்க வேண்டிவரும் என்று முதலில் இரண்டு பேரும் இருந்து கதையுங்கள். ஒருவர் முடிவெடுத்து மற்றவர் கையெழுத்துப் போடுவது வேண்டாம். குறைந்தால் இரண்டு பேருமாக இருந்து ஏசுங்கள், சத்தமாக ஏசுங்கள். ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் மீனை விடுவது மட்டும் கூடாது.

இப்போது உன் பேஸ்மென்ட். அதை நீ எவ்வளவு ஆசையாகச் செய்தாய் என்று எனக்குத் தெரியும். கைபிடியைப் பற்றிச் சொன்னபோது அப்பா மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார், மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது. ஆனால் யோசித்துப் பார். நாங்கள் இப்போது வந்தால் எந்தத் தேவைக்கு வருகிறோம்? எனக்கு நடக்க முடிகிறது. அப்பாவுக்கு ஏச முடிகிறது. என் சிநேகிதிகள் இங்கே, எங்கள் டொக்டர் இங்கே, மீன்காரன் இங்கே. பின்னால் என்னவாகுமோ என்ற பயத்தில் மட்டும்தான் இப்போது வரலாம், அந்தக் கழிவை நாங்கள் ஒருதரம் கொடுக்காமல் தப்பியவர்கள். அதை வாடகைக்கு விடு. புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்குக் கொடு, அதிகம் கேட்காதே. வீட்டுக் கடன் கட்ட உதவும், சுபா இரண்டு வேலைக்குப் போக வேண்டாம். அப்பா விழுந்தாலோ எனக்கு இயலாமல் போனாலோ உனக்கு நாங்கள் சொல்லுவோம், அப்போது கைபிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவோம், வெட்கப்படமாட்டோம். உனக்கு ஒரு தேவை என்றாலும் அப்படித்தான். பிள்ளை பிறந்து சுபாவுக்குப் பத்தியம் வைக்க ஆள் வேண்டுமென்றால் ஒரு சொல்லுச் சொல், இருக்கிறதையெல்லாம் எந்த விலைக்கானாலும் விற்றுப்போட்டு வந்து நிற்பேன். கழிவு எவ்வளவு என்று கேட்கவும் மாட்டேன்.

தீபாவளிக்கு வருகிறோம், பத்து நாள் நிற்போம். சுபாவுக்கு ஒரு சீலை வாங்கியிருக்கிறேன், கிளிப்பச்சை, அவளின் நிறத்துக்கு எடுக்கும். விலையைப் பார்த்துவிட்டு, இவ்வளவு காசு ஏது மாமி என்று கேட்பாள். எந்த ஊரென்று தெரியாத ஒரு ஊரின் தண்ணீர்க் குழாய் வாங்கித் தந்தது என்று சொல். அப்பா பஸ் நிலையத்துக்குத் தானே போய் ரிக்கற் எடுத்துவந்தார். போவதற்கானதை என் கைப்பையில் போட்டுவிட்டார். திரும்பி வருவதற்கானதை மட்டும் தன் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார், அடிக்கடி வெளியில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி வைக்கிறார்.

அம்மா